ஊட்டியிலிருந்து விமானம் பிடிக்க: நேரக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை–சென்னை விமான தூரம் சுமார் 400 கி.மீ., பயண நேரம் 1 மணி 10 நிமிடம். கணக்கு சரிதான். ஆனால் நீலகிரியில் இருப்பவருக்கு அது பயணத்தில் சிறு பகுதி. விமானம் கைநழுவிப் போவது பெரும்பாலும் மலைப்பாதையில்தான்.

ஊட்டிக்கும் கோவையின் பீளமேடு விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் 55 கி.மீ. சாலையில் 90 கி.மீ.க்குக் குறையாது. குன்னூருக்குக் கீழே கல்லாறு வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். பாரமேற்றிய லாரி ஒன்று முன்னால் போனால் அதன் வேகம்தான் நம் வேகம். மே மாத சீசனில் ஒருவழிப் பாதை அறிவித்தால், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள், 10 கி.மீ.க்கு மேல் கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பர்லியார் பக்கம் மரமோ மண்ணோ சரிந்தால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

அதனால் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். விமானம் மாலை 6.40 என்றால், உள்நாட்டுப் பயணத்துக்குப் பெட்டி வாங்கும் கவுன்ட்டர் பொதுவாக 5.40க்கு மூடிவிடும். 4.40க்கு நிலைய வாசலில் இருக்க வேண்டும். சாதாரண நாளில் காருக்கு மூன்று மணி நேரம், தாமதத்துக்கு ஒரு மணி நேரம். ஆக, ஊட்டியை விட்டுக் கிளம்ப வேண்டியது 12.40க்கு. 6.40 என்பது விமானம் நகரும் நேரம். ஏறும் வாயிலை அதற்கு 25 நிமிடம் முன்பே அடைத்துவிடுவார்கள்.

மலை ரயிலை நம்பி மாலை விமானத்துக்கு டிக்கெட் போடாதீர்கள். மதியம் 2 மணிக்கு ஊட்டியில் புறப்படும் ரயில் மேட்டுப்பாளையம் சேரவே 5.35 ஆகிவிடும். பேருந்தில் போனாலும் ஒரு சிக்கல் உண்டு: ஊட்டிப் பேருந்து நிற்பது கோவை நகரில் மேட்டுப்பாளையம் சாலை பேருந்து நிலையத்தில். விமான நிலையம் நகரின் மறுபக்கம். காரில் வருபவர்கள் துடியலூரில் இடப்பக்கம் திரும்பி சரவணம்பட்டி, காளப்பட்டி வழியாகப் போனால் நகர நெரிசலுக்குள் நுழைய வேண்டாம்.

நள்ளிரவு விமானத்தில் தேதி ஏமாற்றும். டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.30 என்றிருந்தால், வீட்டிலிருந்து கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி மாலை. 15ஆம் தேதி இரவு போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். போய்ச் சேரும் நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படிதான்: ஷார்ஜா நமக்கு ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல், சேரும் நேரத்திலிருந்து கிளம்பும் நேரத்தைக் கழித்தால் ஷார்ஜா பயணம் குறைவாகவும் சிங்கப்பூர் பயணம் கூடுதலாகவும் தெரியும்.

தூரத்தை வைத்து நேரத்தை மதிப்பிடுவதும் தவறு. கோவையிலிருந்து டெல்லி, சென்னையைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு தொலைவு, சுமார் 1,940 கி.மீ.; நேரமோ சுமார் மூன்று மணி நேரம்தான். ஓடுபாதைக்கு நகர்வது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் எந்த ஊருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு நேரம் எடுக்கும்.

டிக்கெட் போடும்போது விமான நிலையக் குறியீட்டையும் பாருங்கள்: சி.ஜே.பி. கோவை, சி.சி.ஜே. கோழிக்கோடு.

பெங்களூரு விமானத்துக்குக் கூடலூர் வழியாகப் போகிறவர்கள், பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. அங்கேயும் விமான நிலையம் நகரின் வடகோடியில், தேவனஹள்ளியில் இருக்கிறது. மைசூரு பக்கமிருந்து போகிறவர் நகரைத் தாண்டித்தான் போய்ச் சேர வேண்டும்.