பழைய கம்ப்யூட்டரில் பென்டிரைவ் திறக்கவில்லையா? ஃபார்மட் கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் ஜெராக்ஸ் கடைகளிலும் சின்ன போட்டோ ஸ்டுடியோக்களிலும் விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 மெஷின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பழைய பிரிண்டரும் பில் போடும் சாஃப்ட்வேரும் அதில்தான் ஒழுங்காக ஓடும். அதில் வாடிக்கையாளரின் பென்டிரைவைச் சொருகினால் சில சமயம், ‘டிஸ்க் ஃபார்மட் ஆகவில்லை, இப்போது செய்யலாமா?’ என்று கேட்கும். கண்டிப்பாக ‘நோ’ கொடுங்கள். உள்ளே யாருடைய சர்டிபிகேட்டோ, கல்யாண போட்டோவோ இருக்கும். பல நேரம் எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கிறது, அதைப் படிக்கத்தான் உங்கள் மெஷினுக்குத் தெரியவில்லை.

முதல் வேலை, கோளாறு எந்தப் பக்கம் என்று பிரிப்பது. அதே பென்டிரைவை வேறு கம்ப்யூட்டரிலோ, ஓடிஜி (பென்டிரைவைச் செல்போனோடு இணைக்கும் சின்ன கன்வெர்ட்டர்) வைத்து செல்போனிலோ போடுங்கள். அங்கே திறந்தால் டிரைவ் நன்றாக இருக்கிறது. அடுத்து, வேறொரு பென்டிரைவை உங்கள் மெஷினில் போடுங்கள். அதுவும் வரவில்லையா? போர்ட்டையும் விண்டோஸையும் பார்க்க வேண்டும்.

சிபியு முன்பக்க போர்ட் மதர்போர்டோடு ஒரு கேபிளில்தான் இணைந்திருக்கும். அது லூசாகிவிடும். அதனால் பின்பக்க போர்ட்டில் சொருகிப் பாருங்கள். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூரில் கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கில் நான்கு மெல்லிய தகடுகள் தெரியும். உப்புக்காற்று பட்டு அவை கறுத்தோ, பச்சை பூத்தோ இருந்தால் தொடர்பு சரியாகக் கிடைக்காது. மெஷினை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் லேசாகத் தொட்ட பட்ஸால் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு ஆன் செய்யுங்கள். ஊசியோ சேஃப்டி பின்னோ உள்ளே போகவே கூடாது.

வெளி ஹார்ட் டிஸ்க் ‘டிக் டிக்’ என்று சத்தம் போட்டு நின்றுவிடுகிறதா? யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரும், அது போதாமல் இருக்கலாம். தனி அடாப்டர் உள்ள ஹப் வழியாகச் சொருகிப் பாருங்கள். அப்போதும் அதே சத்தம் என்றால் டிஸ்க்கில்தான் கோளாறு, மேலும் ஓட்டாதீர்கள்.

போர்ட் சரியா? அப்புறம் ‘மை கம்ப்யூட்டர்’ மேல் ரைட் கிளிக், ‘மேனேஜ்’, அதில் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’. என்னைக் கேட்டால் பாதி விஷயம் இந்தத் திரையிலேயே தெரிந்துவிடும்.

டிரைவ் தெரிகிறது, ஆனால் E:, F: மாதிரி டிரைவ் எழுத்து இல்லை என்றால் அதன் மேல் ரைட் கிளிக் செய்து ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்’ போய் ஒரு எழுத்து கொடுங்கள். எக்ஸ்பியில் நெட்வொர்க் டிரைவுக்குக் கொடுத்த எழுத்தையே பென்டிரைவுக்கும் கொடுத்து, அது கண்ணில் படாமல் போவது சகஜம். யாரும் பயன்படுத்தாத ஓர் எழுத்துக்கு மாற்றினால் வந்துவிடும்.

‘ரா’ (RAW) என்று காட்டினால், டிரைவில் ஃபைல்கள் அடுக்கப்பட்ட முறை விண்டோஸுக்குப் புரியவில்லை என்று அர்த்தம். அவசரப்படாதீர்கள். 64 ஜிபி, 128 ஜிபி டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் (exFAT) என்ற ஃபைல் அடுக்கும் முறையில் இருக்கும். விண்டோஸ் 7 அதைப் படிக்கும். எக்ஸ்பிக்கு கேபி955704 என்ற அப்டேட் வேண்டும், அதுவும் சர்வீஸ் பேக் (எக்ஸ்பிக்கு வந்த பெரிய அப்டேட் தொகுப்பு) 2 அல்லது 3 இருந்தால்தான் ஏறும். அது கையில் இல்லையென்றால், புது கம்ப்யூட்டரில் ஃபைல்களை ஃபேட்32 முறையில் உள்ள சின்ன பென்டிரைவுக்கு மாற்றி எடுத்துவாருங்கள். ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்டினால் மட்டும் அதில் ஏறாது. விண்டோஸ் 7லும் ‘ரா’ என்றே வந்து, வேறு எங்கும் திறக்கவில்லை என்றால் ஃபைல் அமைப்பு கெட்டிருக்கலாம். அப்போது அதில் எதையும் எழுதாமல் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொடுங்கள். ‘நோ மீடியா’ என்று வந்தாலும் அப்படியே.

மெமரி கார்டு மட்டும் வரவில்லை என்றால் கார்டு ரீடரைப் பாருங்கள். பழைய ரீடர்களுக்கு 2 ஜிபி வரையான எஸ்டி கார்டுதான் தெரியும். 4 ஜிபியிலிருந்து 32 ஜிபி வரை உள்ளவை எஸ்டிஹெச்சி, 2006இல் வந்த வகை. புது யுஎஸ்பி ரீடர் ஒன்று வாங்கினால் போதும்.

பென்டிரைவ் திறந்து, உள்ளே வெறும் ஷார்ட்கட் மட்டும் இருந்தால் அது வைரஸ். எதையும் டபுள் கிளிக் செய்யாதீர்கள். ‘ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்’ போய் மறைந்த ஃபைல்களைக் காட்டும்படி வைத்து, ‘ஹைட் புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ டிக்கையும் எடுத்தால் அசல் ஃபைல்கள் தெரியும். அவற்றை மட்டும் காப்பி செய்துகொண்டு ஆன்டிவைரஸில் ஸ்கேன் செய்யுங்கள்.