ஊசி போட்டும் கோழி செத்துப்போச்சு என்கிறவர்களுக்கு

"அக்கா, மருந்தும் போட்டாச்சு, கோழியும் போயிடுச்சு. இந்த ஊசி, சொட்டு மருந்தெல்லாம் சும்மா."

போன கார்த்திகையில் எங்கள் தெருப் பையன் ஒருவன் உரச் சாக்கோடு வாசலில் வந்து நின்றான். சாக்குக்குள் இரண்டு பெட்டைக் கோழிகள், இரண்டும் விறைத்திருந்தன. எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம், வெண்ணாற்றுப் பாசனம். கொல்லையில் பஞ்சாரம், அதாவது கோழியைக் கவிழ்த்து வைக்கிற கூடை, இல்லாத வீடு இங்கே குறைவு. அவன் கோழி வளர்க்க ஆரம்பித்து ஒரு வருடம்தான் ஆகிறது. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "மருந்தை எதில் வச்சு எடுத்துட்டு வந்தே?"

"சட்டைப் பையிலதான் அக்கா."

பதினொரு வருடத்துக்கு முன் நான் கைப்பையில் எடுத்துவந்தேன். அதே தவறு. என் வீட்டில் போனது இருபத்திரண்டு கோழி. அதனால்தான் இதை எழுதுகிறேன். கூட்டைப் பெருக்குங்கள், தண்ணீர் மாற்றுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, அதற்குள் போகவில்லை. நாம் செய்கிற தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

செத்த மருந்தைப் போடுவது

நம் பக்கம் கொல்லைக் கோழியை மொத்தமாக வாரிக்கொண்டு போவது வெள்ளைக்கழிச்சல்தான். மாட்டாஸ்பத்திரியில் ராணிக்கெட் என்பார்கள். இமயமலைப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர் அது. முதலில் கோழி இரை எடுக்காது. இறக்கையைத் தொங்கவிட்டு ஓரமாக நின்று தூங்கும். எச்சம் வெள்ளையாகவும் பச்சையாகவும் தண்ணீராகப் போகும். சிலது வாயைத் திறந்து மூச்சு வாங்கும், சிலதுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். இது வைரஸ் நோய். வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது. முன்கூட்டிப் போடும் தடுப்பு மருந்து ஒன்றுதான் வழி.

குஞ்சுக்கு விடும் அந்தச் சொட்டு மருந்து உயிரோடு இருக்கிற மருந்து. வீரியம் குறைத்த வைரஸை உலர வைத்துக் குப்பியில் அடைத்திருக்கிறார்கள். அது உயிரோடு கோழியின் உடம்புக்குள் போனால்தான் வேலை செய்யும். கடையிலிருந்து கோழியின் கண்ணுக்குப் போகும்வரை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். வெயிலில் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் உடம்புச் சூட்டோடு ஒட்டி வந்தால் குப்பி பார்க்க அப்படியேதான் இருக்கும். உள்ளே இருக்கிற மருந்து வீணாகிவிடும்.

நான் செய்தது இதுதான். மன்னார்குடியில் வாங்கும்போது கடைக்காரர் ஐஸ் போட்டுத்தான் கொடுத்தார். வழியில் சித்தி வீட்டில் இறங்கினேன், சாப்பிட்டேன், பேசிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பையில் ஐஸ் இல்லை, வெதுவெதுப்பாகத் தண்ணீர் இருந்தது. "குப்பி உடையலை, போதும்" என்று நினைத்தேன்.

அடுத்த தவறு மறுநாள் காலையில். என்னிடம் இருந்தது 26 கோழி. குப்பியிலோ 100 கோழிக்கான மருந்து. கரைத்துப் பதினான்கு கோழிக்கு விட்டேன். மற்றவை அதற்குள் களத்துமேட்டுக்குப் போய்விட்டன. மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜ் கதவில் வைத்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுத்து விட்டேன். கரைத்த மருந்துக்கு ஆயுள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இல்லை. ஒரு வாரம் கழித்து நான் விட்டது வெறும் தண்ணீர்.

ஏழு வாரம் கழித்துக் கழிச்சல் வந்தது. ஆறே நாள். காலையில் பஞ்சாரத்தைத் தூக்கும்போது எத்தனை எழுந்து வரும் என்று எண்ண வேண்டிய நிலைமை.

இதில் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் வேறு ஒன்று. அந்த வாரம் முழுக்கத் தெருவில் எல்லோரிடமும் "மருந்து போட்டேன், கேக்கலை" என்று நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதை நம்பி மூன்று வீட்டில் அடுத்த வருடம் மருந்து போடவில்லை. இப்போது அந்தப் பையன் அதையே சொல்லிக்கொண்டு போகிறான். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். மருந்தைக் கொன்றது நாம், கெட்ட பெயர் மருந்துக்கு, சாவது அடுத்த வீட்டுக் கோழி.

சரி, எப்படிச் செய்வது? சோற்றைச் சூடாக வைக்கிற ஃபிளாஸ்க்கில் ஐஸ் போட்டுக் கொண்டுபோங்கள். வாங்கியதும் வேறு எங்கும் இறங்காமல் நேரே வீட்டுக்கு வாருங்கள். விடியும் முன்பே, கோழி கூட்டில் இருக்கும்போதே ஆரம்பியுங்கள். மருந்தோடு சேர்த்துத் தருகிற நீரையும் குளிர வைத்து, மருந்தை அதில் கரைத்து, குப்பியை ஐஸ் கிண்ணத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கோழியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக் கண்ணில் ஒரே ஒரு சொட்டு. சொட்டு விழுந்ததும் கையை எடுக்காதீர்கள். கோழி இமைத்து, அந்தப் பளபளப்பு உள்ளே இறங்கும்வரை பிடித்திருக்க வேண்டும். உடனே விட்டால் தலையை ஒரு உதறு உதறும், மருந்து உங்கள் சேலையில் இருக்கும்.

நூறு கோழி மருந்துக்கு வழி, தெருக்காரர்களைச் சேர்த்துக்கொள்வது. இப்போது எங்கள் தெருவில் ஆறேழு வீடு சேர்ந்து ஒரு குப்பி வாங்குகிறோம். முதல் நாள் ராத்திரியே எல்லோரும் கோழியைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். ஒருவர் பிடிக்க, ஒருவர் சொட்டு விட, வீடு வீடாகப் போனால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மிஞ்சியதை வைக்கவே கூடாது, கொதிநீரில் போட்டு அழித்துவிட வேண்டும்.

குடிநீரில் கலக்கிற மருந்தென்றால் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர் ஆகாது, அதில் இருக்கிற குளோரின் மருந்தைக் கொன்றுவிடும். கொதிக்க வைத்து நன்றாக ஆறிய கிணற்றுத் தண்ணீர் எடுங்கள்.

குஞ்சுக்கு ஏழாம் நாள் வாக்கில் முதல் சொட்டு, நான்காவது வாரத்தில் அடுத்தது, எட்டாவது வாரத்தில் இறக்கையடியில் ஊசி. அப்புறம் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பது போட்ட மருந்தைப் பொறுத்தது, மாட்டாஸ்பத்திரியில் கேட்டு நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். கால்நடைத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் இரண்டு வாரம் இலவச முகாம் நடத்தும். சம்பா அறுவடை மும்முரத்தில் பாதிப் பேர் தவறவிடுகிறோம்.

இன்னொன்று. ஏற்கெனவே தூங்கி விழுகிற கூட்டத்தில் போய் மருந்து போட்டுவிட்டு "போட்ட மறுநாளே செத்தது" என்கிறார்கள். எதிர்ப்புச் சக்தி வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்தக் கோழிக்குள் நோய் முன்பே போயிருந்தது.

"இன்னும் ஒரு நாள் பாப்போம்"

ஒரு கோழி ஓரமாக நின்றால் அன்றைக்கே பிரித்துவிடுங்கள். பகலில் பார்த்துவிட்டு ராத்திரி அதே பஞ்சாரத்தில் கவிழ்ப்பதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. ஒரே மூச்சு, ஒரே எச்சம், விடியும்போது நான்கு கோழி ஓரமாக நிற்கும். பிரித்த கோழிக்குத் தனித் தட்டு, தனித் தண்ணீர். நல்ல கோழிகளுக்கு முதலில் இரை போட்டுவிட்டுக் கடைசியில்தான் சீக்குக் கோழியிடம் போக வேண்டும். அங்கிருந்து கை கால் கழுவாமல் திரும்பி வராதீர்கள்.

கழிச்சல் என்றாலே வெள்ளைக்கழிச்சல் என்றும் முடிவு கட்டாதீர்கள். ஐப்பசி மழையில் கூட்டுத் தரை ஈரமாகிக் கிடக்கும்போது ஒரு மாதக் குஞ்சுகள் ரத்தமாகக் கழியும். அது ரத்தக் கழிச்சல், அதற்கு மருந்து உண்டு, பிழைக்க வைக்கலாம். சந்தேகமாக இருந்தால் அப்போதுதான் செத்த கோழி ஒன்றை இரண்டு பாலித்தீன் பையில் கட்டி, ஐஸ் வைத்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எனக்கு ஒரு முறை அறுத்துக் காட்டினார்கள். இரைப்பையின் உட்சுவரில் குண்டூசித் தலை அளவில் ரத்தப் புள்ளிகள், வரிசையாக. அது வெள்ளைக்கழிச்சல். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, தஞ்சாவூர்க்காரர்களுக்குத் தூரமில்லை.

நாம் சாப்பிடுகிற மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது

வேண்டாம். வைரஸுக்கு அது கேட்காது.

(சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம் அரைத்து நானும் உருண்டையாகக் கொடுப்பேன். தடுப்பு மருந்துக்குப் பதிலாக ஒருநாளும் கொடுத்ததில்லை.)

சீக்குக் கோழியைச் சந்தைக்கு அனுப்புவது

செய்யாதீர்கள்.

சந்தையில் வாங்கியதை அன்றே கூட்டத்தில் விடுவது

மேலே சொன்னதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் ஒரு மாதம் தனியாக வையுங்கள்.

வாய்க்காலில் வீசுவது

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் நம் ஊரில் எல்லாம் வாய்க்காலுக்குப் போகிறது. செத்த கோழியும். மதகில் போய்ச் சிக்கும், நாய் இழுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகும், காக்கை கொத்திக்கொண்டு யார் வீட்டுக் கொல்லையிலோ போடும். கீழ்மடை ஊர்க்காரர்கள் அந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறார்கள்.

ஊற்றில்லாத மேட்டு இடமாகப் பார்த்து, முழங்காலுக்கு மேல் ஆழமாகக் குழி வெட்டி, கோழியின் மேலும் கீழும் சுண்ணாம்புத் தூள் போட்டு மூடுங்கள். சாகப்போகிறது, அதற்குள் அறுத்துவிடலாம் என்று குழம்பு வைப்பதும் வேண்டாம். அறுக்கிற ரத்தமும் பிடுங்குகிற இறகும் கொல்லை முழுக்க நோயைப் பரப்பும். காரணமே தெரியாமல் ஒரே நாளில் நிறையக் கோழி விழுந்தால் தொடாமல் மாட்டாஸ்பத்திரிக்குச் சொல்லிவிடுங்கள். அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம்.

வெறும் பஞ்சாரம் பார்க்கச் சகிக்காமல் உடனே குஞ்சு வாங்குவது

கடைசிக் கோழி செத்து ஒரு மாதமாவது போகட்டும். கூட்டு மண்ணைச் சுரண்டி எடுத்துப் புதைத்து, சுண்ணாம்பு அடித்து, பஞ்சாரத்தை வெயிலில் காயப்போடுங்கள். பிழைத்த கோழியும் கொஞ்ச நாள் எச்சத்தில் நோயை விட்டுக்கொண்டிருக்கும்.

"கோழிதானே" என்று பிள்ளைகளிடம் சொல்வது

என் மகளிடம் சொன்னேன். அப்போது அவளுக்கு எட்டு வயது. "கோழிதானேடி, வேற வாங்கிக்கலாம்." அவள் ஒரு வாரம் கொல்லைப் பக்கமே வரவில்லை. குஞ்சிலிருந்து குருணை போட்டுத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவளை உள்ளே அனுப்பிவிட்டுக் குழி வெட்டியதும் தப்பு. எந்தக் கோழி எங்கே கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியாமலே போயிற்று.

பிழைத்த நான்கில் செவலைப் பெட்டை ஒன்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. குருணையைக் கொத்தப் போனால் தலை மேலே திரும்பிக்கொள்ளும், மூக்கு மண்ணில் படாது. அறுத்துவிடலாம் என்றார்கள். மகள்தான் விடவில்லை. தனியாகக் கூடையில் வைத்து, கொட்டாங்கச்சியில் நனைத்த குருணையைக் குவித்து மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், காலையும் சாயந்திரமும். இரண்டு மாதத்தில் செவலையே ஒரு வழி கண்டுபிடித்தது. முதலில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நிற்கும், அப்புறம் கொத்தும். பங்குனியில் முட்டையிட்டது. முட்டையை மகள் இரண்டு கையாலும் பொத்தி எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு ஓடிவந்தாள்.