ஆஃப்னா அணைக்கது மட்டும் இல்ல மக்கா
ஃபேன ஆஃப் பண்ணுன்னு நாள் பூரா சொல்லுகோம்லா, அந்த ஆஃப் இங்கிலீஷ்ல நெறைய வேல பாக்கும், நம்மூர்ல இருந்து நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போறவங்க முக்கியமா தெரிஞ்சு வச்சுக்கிடுங்க. "அலாரம் வென்ட் ஆஃப்"னு சொன்னா அது நின்னுட்டுன்னு நெனச்சு சும்மா இருந்துராதீங்க, அடிக்க ஆரம்பிச்சுட்டுன்னு அர்த்தம்! ஆனா "லைட்ஸ் வென்ட் ஆஃப்"னா அணைஞ்சுட்டு, என்ன பாஷையோ. லண்டன் பக்கம் "மில்க் இஸ் ஆஃப்"னா பால் கெட்டுப்போச்சு. பிளேன் தரைய விட்டு மேல கெளம்புனாலும் டேக் ஆஃப், செருப்ப கழத்துனாலும் டேக் ஆஃப் தான். டே ஆஃப் எல்லாருக்கும் தெரியும். கால் ஆஃப்னா ரத்து, புட் ஆஃப்னா தள்ளிவைக்கது, கடல் சரியில்லன்னு கன்னியாகுமரில விவேகானந்தர் பாறைக்கு படகு விடாம இருந்தா டூரிஸ்ட்டுகிட்ட "போட் சர்வீஸ் இஸ் கால்டு ஆஃப்"னு சொல்லலாம். அப்புறம் ஆஃப் பாயில் இதுல சேராது, அது ஹாஃப்.