சினையான குள்ளக்குதிரை: நாங்கள் செய்ததும் நீங்கள் செய்யக் கூடாததும்

எங்கள் குள்ளக்குதிரை சிட்டுவிடமிருந்து எடுத்த ரத்தம் இருந்த சோதனைக் குழாயைக் கால்நடை டாக்டரம்மா லாயத்தின் ஜன்னல் விளிம்பில் நிறுத்தி வைத்தார். குதிரை ரத்தம் சீக்கிரம் பிரியும். சற்று நேரத்தில் சிவப்பு அடியில் தங்கி, மேலே தெளிந்த மஞ்சள் நீர் நிற்க வேண்டும். எங்கள் குழாயில் நின்றது தண்ணீர் கலந்த பால் மாதிரி இருந்தது. "வெள்ளையாகத் தெரிவது அத்தனையும் கொழுப்பு. எத்தனை நாளாகச் சாப்பாடு குறைச்சல்?" என்றார். முதலில் குறைத்தது நாங்கள். அதற்குப் பிறகுதான் சிட்டு தானாகவே வாயை மூடிக்கொண்டது.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், டென்னசியில். சிட்டு ஒரு மினியேச்சர் குதிரை. 32 அங்குல உயரம், 98 கிலோ. அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கத்தின் கணக்கில், பிடரி மயிர் முடியும் இடத்தில் அளந்தால் 34 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. சினை எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது உருண்டு திரண்டு நின்றதைப் பார்த்து, ஈனும்போது சிரமப்படுமே என்று பயந்து, காய்ந்த புல்லை ஒரே நாளில் பாதியாக்கினோம். மூன்றாம் நாள் மூலையில் தலையைத் தொங்கப் போட்டு நின்றது.

ஈரோட்டிலிருந்து அம்மா போனில் கேட்டது ஒரே கேள்வி: "ஏங்கண்ணு, வகுத்துல உசுர வெச்சுட்டு இருக்கறதப் பட்டினி போடுவாங்களா?"

குள்ளக்குதிரையும் மட்டக்குதிரையும் கழுதையும் ஒரே ஜாதகம். புல் கிடைக்காத காலத்துக்கென்று கொழுப்பைச் சேர்த்து வைக்கும் உடம்பு. தீனி திடீரென்று குறைந்தால் அந்தக் கொழுப்பு மொத்தமாக ரத்தத்தில் இறங்குகிறது. சினைக்காலத்தில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் இறங்குவதை நிறுத்த ஆளில்லை. கல்லீரலில் கொழுப்பு அடைகிறது, சிறுநீரகம் திணறுகிறது, குதிரைக்குப் பசியே போய்விடுகிறது. பசி போனதால் இன்னும் கொழுப்பு இறங்குகிறது. ஹைப்பர்லிபீமியா என்கிறார்கள். ரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்தான கட்டம். எவ்வளவு குண்டோ அவ்வளவு ஆபத்து என்பதுதான் இதில் விபரீதம். தீனியைக் குறைத்தால் மட்டும் வருவதில்லை. நெடுந்தூரம் வண்டியில் ஏற்றிச் செல்வது, பல்வலி, குடற்புழு, கூட இருந்த குதிரையைப் பிரிப்பது என்று எதனால் அது தின்பதை நிறுத்தினாலும் வரலாம். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடும் என்பது பழமொழி குதிரைக்குக் கொடுத்த கெட்ட பேர். சினை மினி கொள்ளுக்கும் வாயை மூடினால்தான் பயப்பட வேண்டும். ஒரு வேளை தீனி மிச்சம் வைத்தாலே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். சிட்டுவை மூக்கு வழியே குழாய் விட்டும் குளுக்கோஸ் ஏற்றியும் நாலு நாளில் மீட்டார்கள். எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

அதற்காக முதல் மாதத்திலிருந்தே இரண்டு உயிருக்குப் போடுகிறேன் என்று கிளம்புவதும் தப்பு. குதிரையின் சினைக்காலம் சுமார் 11 மாதம்; மினிக்குச் சில நாள் முன்பின் ஆகும். முதல் ஏழு மாதம் வயிற்றில் இருப்பது தாயிடம் பெரிதாக எதையும் கேட்பதில்லை. குட்டி பெரிதாகிற காலம் கடைசி மூன்று, நான்கு மாதம்தான். குண்டு குதிரையைச் சினைக்கு விடுவதற்கு முன்பே இளைக்க வையுங்கள். சினையில் இளைக்க வைக்காதீர்கள். முதல் மாதங்களில் எடை ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எவ்வளவு போடுவது? உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு காய்ந்த புல். 98 கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 2 கிலோ. இங்கே சிறு கட்டு ஒன்று 20 கிலோ வரும். அதிலிருந்து பிரிக்கிற ஒரு அடுக்கு சில சமயம் 1 கிலோ, சில சமயம் 2 கிலோவுக்கும் மேல். "ரெண்டு அடுக்கு போட்டேன்" என்பது அளவே இல்லை. விமானப் பயணத்துக்குப் பெட்டி எடை பார்ப்போமே, அந்தக் கொக்கித் தராசில் வலைப்பையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். பெரிய குதிரைக்கு அரைக் கிலோ முன்பின் ஆனால் ஒன்றுமில்லை. இதற்கு அது கால் நாள் சாப்பாடு.

எடையைக் கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள். குளிர்காலத்தில் கரடிக்குட்டி போல மயிர் வளரும்; உள்ளே விலா துருத்திக்கொண்டிருந்தாலும் வெளியே தெரியாது. தொங்குகிற வயிறு கொழுப்பும் அல்ல, முழுக்கக் குட்டியும் அல்ல, பாதி புல். உள்ளங்கையைப் பரப்பி விலா மேல் வைத்து லேசாக அழுத்துங்கள். எலும்பு தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. 1983இல் ஹென்னக் வகுத்த 1 முதல் 9 வரையான உடல்நிலை அளவில் இது 5, 6. வாரம் ஒருமுறை ஒரே ஆள் தொட்டுப் பார்ப்பது நல்லது. என் கையும் என் கணவர் கையும் ஒரே விலாவுக்கு வேறு வேறு மதிப்பெண் போடும்.

கடைசி மூன்று மாதத்தில் வயிற்றில் புல்லுக்கு இடம் குறைகிறது. ஆகவே அளவைக் கூட்டாமல் சத்தைக் கூட்டுங்கள். குதிரை மசால் (அல்ஃபால்ஃபா) கொஞ்சம் சேர்த்தால் புரதமும் கால்சியமும் வரும். பேரே அதற்குத்தானே இருக்கிறது. தாது உப்புகள் சேர்ந்த தீவனத்தைப் பொட்டலத்தில் போட்ட அளவில், எடைக்கு ஏற்பப் போடலாம். எந்த மாற்றமும் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக.

அம்மா அடுத்து சொன்னது தவிடு. இதில் நான் அம்மா பக்கம் இல்லை. கோதுமைத் தவிட்டில் கால்சியத்தைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. குதிரைக்கு வேண்டியதோ நேர்மாறு, கால்சியம்தான் ஒன்றரை, இரண்டு மடங்கு இருக்க வேண்டும். நாள்தோறும் தவிடு போட்டால் குட்டிக்கு வேண்டிய கால்சியம் தாயின் எலும்பிலிருந்து போகும். மாட்டுத் தீவனமும் கோழித் தீவனமும் அதைவிட மோசம். சிலவற்றில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். கோழி தாங்குகிற அளவில் நூறில் ஒரு பங்கே குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். ஒரே தொழுவத்தில் மாடும் குதிரையும் இருந்தால் மூட்டைகளைத் தனித்தனி அறையில் பூட்டுங்கள்.

எங்கள் பகுதிக்கே உரிய ஒரு தொல்லை டால் ஃபெஸ்க்யூ புல். 1943இல் வெளியிட்ட கென்டக்கி 31 ரகம் இங்கே காணும் இடமெல்லாம் பரவிக் கிடக்கிறது. அந்தப் புல்லுக்குள்ளேயே வாழும் ஒரு பூஞ்சையால் சினைக் குதிரைக்குப் பால் சுரப்பது நிற்கும், நாள் தள்ளிப்போகும், நஞ்சுக்கொடி தடித்துவிடும். கடைசி 60 முதல் 90 நாள் அந்த மேய்ச்சலிலிருந்து விலக்க வேண்டும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். மேய்ச்சலிலிருந்து கொண்டுவந்து லாயத்தில் கட்டிவிட்டு, அதே புல்லைக் காயவைத்த கட்டைப் பிரித்துப் போடுகிறவர்களும் உண்டு. காய்ந்தாலும் விஷம் போகாது.

தடுப்பூசிக்கு மருத்துவர் நாள் குறித்துத் தருவார்: ஹெர்பீஸ் வைரஸுக்கு 5, 7, 9ஆம் மாதம், டெட்டனஸ் முதலியவை ஈனுவதற்கு நாலு முதல் ஆறு வாரம் முன்பு. குடற்புழு மருந்தில்தான் கை தவறும். ஒரு ஐவர்மெக்டின் பசைக் குழல் 1,250 பவுண்டு, அதாவது 567 கிலோ குதிரைக்கானது. சிட்டுவுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட வேண்டாம். தள்ளுகோலில் இருக்கும் வளையத்தைச் சரியான கோட்டில் பூட்டிவிட்டுத்தான் வாயில் வையுங்கள். மாக்சிடெக்டின் என்றால் இன்னும் எச்சரிக்கை. மினிகளுக்கு அளவு மிஞ்சி விபரீதமானது உண்டு.

ஈனும் நாள் நெருங்கும்போது மடி இறங்கும், காம்பு நுனியில் மெழுகுத் துளி நிற்கும். மடியில் கறந்த சொட்டின் அமிலத்தன்மையை (pH அளவை) சோதனைக் காகிதத்தில் பார்த்தால், 6.4க்குக் கீழே வந்ததும் தூக்கத்தை மறந்துவிடலாம். பெரும்பாலும் நடுராத்திரிதான். மினிக் குட்டியின் தலை உடம்பை நோக்கப் பெரிது, அதனால் சிக்கிக்கொள்வதும் அதிகம். பனிக்குடம் உடைந்த பின் 20, 30 நிமிடத்தில் குட்டி வெளியே வர வேண்டும். முதலில் இரண்டு முன்குளம்புகள், ஒன்று சற்று முந்தி. அவற்றின் மேல் மூக்கு. வேறு எது தெரிந்தாலும் இழுக்க நினைக்காமல் போனை எடுங்கள். ஒன்று மட்டும் மருத்துவருக்குக் காத்திருக்கக் கூடாதது: வெண்மையான சவ்வுக்குப் பதில் சிவந்த வெல்வெட் துணி போன்ற பை முதலில் எட்டிப் பார்த்தால் நஞ்சுக்கொடி முன்னாலேயே பிரிந்துவிட்டது என்று அர்த்தம், குட்டிக்கு மூச்சுக்காற்று கிடைக்காது. உடனே கிழித்துக் குட்டியை வெளியே எடுக்க வேண்டும். கத்தரிக்கோலைக் கைக்கெட்டும் ஆணியில் மாட்டி வையுங்கள்.

மாடு வளர்த்துப் பழகியவர்கள் அதற்கடுத்துத் தப்பு செய்வார்கள். மாட்டுக்கு நஞ்சு விழ 12 மணி நேரம் வரை பொறுக்கலாம். குதிரைக்கு 3 மணி நேரம்; தாண்டினால் கருப்பையில் சீழ் பிடித்து, குளம்பு வீங்கி, தாய் போய்விடும். தொங்கும் கொடியில் கல் கட்டக் கூடாது. மிதித்து அறுந்துவிடாமல் முடிச்சிட்டு உயர்த்திக் கட்டலாம். விழுந்ததைக் குழியில் போடாமல் தரையில் விரித்துப் பாருங்கள், கால்சட்டை வடிவில் இருக்கும். ஒரு காலின் நுனி காணாமல் போயிருந்தால் அது உள்ளே இருக்கிறது.

சீம்பால் விஷயத்தில் எங்கள் ஊர்ப் பழக்கத்தை இங்கே கொண்டுவர முடியாது. கருப்பட்டி போட்டுக் காய்ச்ச ஒரு சொட்டும் மிஞ்சாது. நோய் எதிர்ப்பு எதுவும் நஞ்சின் வழியே குட்டிக்கு வருவதில்லை, எல்லாம் அந்தப் பாலில்தான். 24 மணி நேரத்தில் குடல் அதை ஏற்காமல் மூடிக்கொள்ளும். ஒரு மணி நேரத்தில் எழுந்து நின்று, இரண்டில் குடித்திருக்க வேண்டும். மறுநாள் ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புப் புரதம் டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராம் இருக்கிறதா பாருங்கள்.

சிட்டுவின் குட்டி 9 கிலோ இருந்தது. பிறந்த இரண்டாம் நாள் கதவுக்கு அடியில் உருண்டு மறுபுறம் போய்ப் படுத்துக்கொண்டது; அரை அடி இடைவெளி போதும் அதற்கு. தண்ணீர்த் தொட்டியையும் அன்றே ஆழம் குறைந்ததாக மாற்றினோம். பால் கொடுக்கும் தாய்க்குச் சாதாரண நாளைப்போல ஏறக்குறைய இரு மடங்கு சத்து வேண்டும், ரத்தத்தில் கொழுப்பு இறங்கும் ஆபத்தும் இந்த வாரங்களில் தீர்வதில்லை. இப்போது சிட்டுவுக்குத் தராசில் 3 கிலோ புல். காலையில் லாயத்துக்குள் போனதும் நான் முதலில் பார்ப்பது குட்டியை அல்ல, முந்தின இரவு போட்டது தீர்ந்திருக்கிறதா என்று தீனித் தொட்டியை.