இரும்புச்சத்து மாத்திரை: செல்லின் கணக்கு தெரியாமல் செய்யும் தவறுகள்

இரும்பு அதிகமானால் அதை வெளியே தள்ள நம் உடம்பில் வழி கிடையாது. உப்பு கூடினால் சிறுநீரகம் பார்த்துக்கொள்ளும். இரும்போ உதிரும் செல்களோடும், மாதவிடாயிலோ காயத்திலோ போகும் ரத்தத்தோடும் போனால்தான் உண்டு. பெரியவர் ஒருவரின் உடம்பில் மொத்தமே 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. குடல் ஒரு நாளைக்கு உள்ளே விடுவது 1 முதல் 2 மில்லிகிராம். சிவப்பணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜைக்குத் தினமும் 20 மில்லிகிராமுக்கு மேல் தேவை. அதில் பெரும்பகுதி, சுமார் 120 நாள் வாழ்ந்து முடித்த சிவப்பணுக்களை உடைத்து எடுத்ததுதான். இந்தக் கணக்கு தெரியாமல் மாத்திரை விழுங்குவதால்தான் பல தவறுகள் வருகின்றன.

இவ்வளவு கண்டிப்பு ஏன்? கட்டுப்படாத இரும்பு, செல்லில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடோடு வினைபுரிந்து கொழுப்பையும் டிஎன்ஏவையும் சிதைக்கும் பொருளை உண்டாக்கும். அதனால் ஒவ்வொரு செல்லும் தன்னிடம் உள்ள இரும்பைப் பார்த்து மரபணுக்களின் வேலையை மாற்றிக்கொள்கிறது. இரும்பு குறைந்தால், ஐஆர்பி எனப்படும் புரதங்கள் சில ஆர்என்ஏக்களின் (புரதம் செய்வதற்கான கட்டளையை மரபணுவிலிருந்து கொண்டுவரும் பிரதிகள்) மேல் போய் ஒட்டும். இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டினுக்கான ஆர்என்ஏ என்றால் புரத உற்பத்தி நிற்கும். இரும்பை உள்ளே இழுக்கும் ஏற்பிக்கான ஆர்என்ஏ என்றால், அது சிதையாமல் காக்கப்பட்டு உற்பத்தி கூடும். ஒட்டும் இடத்தைப் பொறுத்து நேரெதிர் விளைவு! செல்லின் கட்டுப்பாடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

முழு உடம்புக்குமான கட்டுப்பாடு கல்லீரலிடம் இருக்கிறது. அது சுரக்கும் ஹெப்சிடின், 25 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட சின்ன ஹார்மோன். குடல் செல்லிலிருந்து இரும்பு ரத்தத்துக்குப் போகும் கதவு ஃபெரோபோர்ட்டின் என்ற புரதம். ஹெப்சிடின் அதைப் பிடித்துச் செல்லுக்குள் இழுத்து அழித்துவிடும்.

இப்போது முதல் தவறு: சீக்கிரம் ஏற வேண்டும் என்று ஒரு மாத்திரைக்குப் பதில் இரண்டு, மூன்று போடுவது. 60 மில்லிகிராம் இரும்பு உள்ளே போனாலே ஹெப்சிடின் கூடி, ஏறக்குறைய ஒரு நாள் அப்படியே இருக்கும். அந்த நேரத்தில் போடும் அடுத்த மாத்திரையிலிருந்து குறைவாகத்தான் உறிஞ்சப்படும்; மீதி குடலில் தங்கி வயிற்று வலி, மலச்சிக்கல், குமட்டல். 2017-ல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இதைத் தெளிவாகக் காட்டியது. இரும்பு குறைந்த பெண்களில் ஒரு குழுவுக்குத் தினமும், இன்னொரு குழுவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாளும் அதே எண்ணிக்கையில் மாத்திரை கொடுத்தார்கள். தினமும் எடுத்தவர்கள் உறிஞ்சியது சுமார் 16 சதவீதம். நாள் விட்டு எடுத்தவர்கள் சுமார் 22 சதவீதம். ஆனால் கர்ப்பிணிகளும், ரத்தசோகை கடுமையாக உள்ளவர்களும் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக அட்டவணையை மாற்ற வேண்டாம். அவர்களுக்கு மருத்துவர் சொல்வதுதான்.

அடுத்தது காய்ச்சல், சளி, மூட்டு வீக்கம் இருக்கும்போது ரத்தத்தில் ஃபெரிட்டின் அளவைப் பார்த்துவிட்டு "இரும்பு போதுமான அளவு இருக்கிறது" என்று நிம்மதியாவது. கிருமி வளரவும் இரும்பு வேண்டும். அதனால் அழற்சி வந்தவுடன் கல்லீரல் ஹெப்சிடினைக் கூட்டி இரும்பைச் செல்களுக்குள் பூட்டிவைக்கிறது. ஃபெரிட்டினும் சேர்ந்தே ஏறும். உண்மையில் குறைபாடு இருந்தாலும் எண் நன்றாகத் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் ஆரோக்கியமான பெரியவருக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழ் போனால் குறைபாடு. தொற்றோ அழற்சியோ இருந்தால் அதே எல்லை 70. கூடவே அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சிஆர்பி ரத்தப் பரிசோதனையும் செய்தால் குழப்பம் குறையும். உடம்பு இரும்பை ஒளித்துவைப்பதற்குக் காரணம் இருக்கிறது என்பதற்குக் கனமான சான்று பெம்பா தீவு. தான்சானியாவைச் சேர்ந்த, மலேரியா மிகுந்த அந்தத் தீவில் சிறு குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்த ஆய்வில் கடுமையான நோயும் இறப்பும் கூடியதால் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அதன் முடிவு 2006-ல் வெளிவந்தது.

ரத்தசோகை என்றாலே இரும்புக் குறைவு என்று முடிவுகட்டுவது இன்னும் ஆபத்தானது. ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோயான தலசீமியாவின் மரபணுவைச் சுமப்பவர்களுக்கும் சிவப்பணு சிறியதாக இருக்கும், ஹீமோகுளோபின் கொஞ்சம் குறையும், ஆனால் இரும்பு போதுமான அளவு இருக்கலாம். நோயின் கடுமையான வடிவங்களில் நிலைமை தலைகீழ். சிவப்பணு சரியாக உருவாகாமல் தவிக்கும் மஜ்ஜை, எரித்ரோஃபெரோன் என்ற ஹார்மோனை அனுப்பி ஹெப்சிடினை அடக்குகிறது. ரத்தம் ஏற்றாதபோதும் குடல் வழியே இரும்பு குவிந்து கல்லீரலையும் இதயத்தையும் கெடுக்கும். அங்கே போய் இரும்பு டானிக் கொடுத்தால்? சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்சிவி குறைவாகவும் ஃபெரிட்டின் சரியாகவும் இருந்தால் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள், குறிப்பாகத் திருமணத்துக்கு முன்னால்.

டீ, காபியோடு மாத்திரை போடக் கூடாது, கால்சியம் மாத்திரையையும் கூடவே போடக் கூடாது. எலுமிச்சை, நெல்லிக்காய் நல்லது. ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்துவதும் தவறு: வந்த இரும்பை மஜ்ஜை முதலில் எடுத்துக்கொள்ளும், சேமிப்பு நிரம்ப இன்னும் சுமார் 3 மாதம் வேண்டும்.

துத்தநாக மாத்திரையைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. 'எதிர்ப்பு சக்தி' என்று சொல்லி மாதக்கணக்கில் அதிக அளவு எடுத்தால், குடல் செல்களில், உலோகங்களைப் பிடித்துவைக்கும் மெட்டலோதயோனின் என்ற புரதத்தின் மரபணு தூண்டப்படும். அந்தப் புரதம் துத்தநாகத்தைவிடச் செம்பை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். செல் உதிரும்போது செம்பும் மலத்தோடு போய்விடும். செம்பு குறைந்தால் ரத்தசோகை வரும், வெள்ளணுக்கள் குறையும், தண்டுவடம் பாதித்து நடையே தடுமாறும். எத்தனை இரும்பு மாத்திரை போட்டாலும் சரியாகாது. செம்பு குவியும் வில்சன் நோய்க்குத் துத்தநாகத்தை மருந்தாகக் கொடுப்பதும் இதே வழியில்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்பு குறைந்தால், வயிற்றிலோ குடலிலோ எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்க்காமல் மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்புவது பெரிய தவறு. மாத்திரையால் ஹீமோகுளோபின் ஏறிவிடும், கசியும் புண்ணோ புற்றுநோயோ தெரியாமலே வளரும். எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி வேண்டுமா என்று மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.