மணலுக்காக இறக்கிய டயரில் திரும்பக் காற்று ஏற்றுவது எப்படி?

மணலில் வண்டி ஓட்டப் பழகும் எவருக்கும் முதல் பாடம், டயரில் காற்றைக் குறைப்பது. 32 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) இருந்த டயரை 18-க்கு இறக்கினால் அது நீளவாக்கில் படிந்து அதிக இடத்தைப் பிடிக்கும், வண்டி புதையாது. ஆனால் அதே டயரோடு தார்ச்சாலையில் வேகம் எடுத்தால், பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறிக் கிழிந்துவிடும். அதனால் திரும்ப ஏற்றுவதற்கு வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வால்வில் கைவைக்க வேண்டும்.

படி 1: தேவையைக் கணக்கிடுங்கள்

டயரின் உள்ளளவு 70 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 18-லிருந்து 32-க்குப் போக 14 பிஎஸ்ஐ வேண்டும். ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம். ஆக ஒரு டயருக்குச் சுமார் 67 லிட்டர் வெளிக்காற்று, நான்குக்கும் 270 லிட்டர்.

படி 2: கருவியைத் தேர்ந்தெடுங்கள்

காற்று நிரப்பிய சிறு தொட்டி பலரை ஏமாற்றும். 20 லிட்டர் தொட்டியை 120 பிஎஸ்ஐ வரை நிரப்பினாலும், 32-க்கு மேல் உள்ள காற்று மட்டுமே டயருக்குள் போகும். அது சுமார் 120 லிட்டர். இரண்டாவது டயர் நிறையும் முன்பே தீர்ந்துவிடும். கால் பம்ப் ஒற்றை டயர் அவசரத்துக்கு மட்டும்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்தான் எல்லாவற்றிலும் வேகம். திரவமாக அடைத்த ஒரு கிலோ, வாயுவாக விரியும்போது 500 லிட்டரைத் தாண்டும். ஆனால் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் இல்லாமல் தொடக்கூடாது. திரவம் குழாய்க்குள் வராதபடி சிலிண்டரை நிமிர்த்தியே வைக்க வேண்டும். மூடிய வண்டிக்குள் கசிந்தால் மூச்சுத் திணறும். இதற்குப் பதிலாக ஆக்சிஜன் சிலிண்டரை மட்டும் எக்காரணம் கொண்டும் இணைக்காதீர்கள்; எண்ணெய்ப் பசை பட்டாலே தீப்பற்றும்.

புதியவர்களுக்கு என் பரிந்துரை, பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டும் 12 வோல்ட் கம்ப்ரஸர். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் வகை வேண்டாம். அந்தச் சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 முதல் 20 ஆம்பியர்தான் தாங்கும், பெரிய டயருக்கு வேண்டிய வலு அதில் வராது. வாங்கும்போது, எத்தனை நிமிடம் ஓட்டி எத்தனை நிமிடம் ஓய்வு தர வேண்டும் என்பதையும் கேளுங்கள். நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் எதிரழுத்தமே இல்லாதபோது வரும் அளவு. டயர் நிறைய நிறைய அது குறையும்.

படி 3: காற்றை ஏற்றுங்கள்

கெட்டியான, சமமான தரையில், போக்குவரத்துக்கு விலகி நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் (ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில்) வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சினை ஓடவிடுங்கள். இல்லையென்றால் பேட்டரி இறங்கிவிடும். இது திறந்தவெளியில்தான்.

சிவப்புக் கிளிப்பை பேட்டரியின் பாசிட்டிவில் முதலில் மாட்டி, பிறகு கறுப்பை மாட்டுங்கள். கம்ப்ரஸரை மணலில் வைக்காதீர்கள், தூசியை உள்ளிழுத்துவிடும். ஒரு பாயோ பலகையோ போட்டு அதன்மேல் வையுங்கள். வால்வு மூடியைப் பையில் போட்டுவிட்டு, ஹோஸ் முனையைத் திருகி மாட்டி ஸ்விட்ச் போடுங்கள்.

ஓடும்போது கேஜ் காட்டும் அளவை நம்ப வேண்டாம். ஹோஸுக்குள் இருக்கும் அழுத்தம் சேர்ந்து கூடுதலாகக் காட்டும். நிறுத்திவிட்டுப் படியுங்கள். கழற்றும்போது ஹோஸின் பித்தளை முனையை வெறும் கையால் பிடிக்காதீர்கள், நன்றாகச் சுட்டுவிடும். இரண்டு டயர் முடிந்ததும் கம்ப்ரஸர் கொதித்தால் ஆறவிடுங்கள். அவசரப்பட்டு ஓட்டித்தான் பல மோட்டார்கள் புகைகின்றன.

படி 4: மறுநாள் காலை சரிபாருங்கள்

கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவு, ஆறிய டயருக்கானது. ஓடிவந்த டயர் சூட்டில் கூடுதலாகக் காட்டும். தோராயமாக 5 முதல் 6 டிகிரி செல்சியஸுக்கு 1 பிஎஸ்ஐ. அதனால் வண்டியை எடுக்கும் முன் மறுபடி அளந்து, குறைந்ததை ஏற்றுங்கள். கார்பன் டை ஆக்சைடு நிரப்பியிருந்தால் அடுத்த சில வாரங்களுக்கு அடிக்கடி பாருங்கள். அது ரப்பர் வழியாகக் காற்றைவிட வேகமாகக் கசியும்.