மினி டிராக்டர் லோடர் தூக்கவில்லையா? வாஷரைத் தேடும் முன்

திருவொற்றியூர், தண்டையார்பேட்டைச் சந்துகளில் ஜேசிபி நுழையாது. நுழைந்தாலும் திரும்பாது. வீடு கட்ட இறக்கிய மணல் தெருமுனையில் குவிந்து கிடக்கும். அதை உள்ளே கொண்டுபோக ஆள் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாதவர்கள் 24 குதிரைத்திறன் மினி டிராக்டரையும் அதன் முன்னால் மாட்டிய லோடரையும் கூப்பிடுவார்கள். செங்குன்றத்து அரிசி ஆலைகளில் உமி வாருவதும், மாதவரம் பக்கத்து மாட்டுக் கொட்டகைகளில் சாணி அள்ளுவதும் இதே வண்டிதான். உமி அள்ளும்போது யாரும் குறை சொல்வதில்லை. மழையில் ஊறிய மணலில் பக்கெட்டைச் செருகி லீவரை இழுக்கும்போதுதான் "தூக்கு பத்தல" என்ற பேச்சு வரும். பக்கத்தில் நிற்கும் ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார்: "வால்வுல ஒரு வாஷர் போடுங்கண்ணே, பிச்சிக்கிட்டுத் தூக்கும்."

நானும் போட்டவன்தான். என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஸ்பானரை எடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தூக்கு குறைந்துவிட்டதா, வாங்கிய நாளிலிருந்தே இவ்வளவுதானா? குறைந்திருந்தால் வண்டியில் கோளாறு. தேடிச் சரிசெய்ய வேண்டும். முதலிலிருந்தே இவ்வளவுதான் என்றால் கோளாறு கணக்கில். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பாதிப் பேர் நல்ல வண்டியை ரிப்பேர் செய்கிறார்கள், மீதிப் பேர் ரிப்பேர் வண்டிக்கு வாஷர் போடுகிறார்கள்.

கணக்கை முதலில் பார்ப்போம். மினி டிராக்டர் விளம்பரத்தில் "தூக்கும் திறன் 750 கிலோ" என்று போட்டிருக்கும். அது வண்டியின் பின்பக்கம், கலப்பையும் ரொட்டவேட்டரும் மாட்டும் மூன்று முனை இணைப்பின் திறன். முன்னால் மாட்டும் லோடருக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. லோடருக்கென்று தனி எண் இருக்கும். அதிலும் பக்கெட்டின் கீலில் அளந்ததா, கீலுக்கு 500 மி.மீ. முன்னால் அளந்ததா என்று பார்க்க வேண்டும். மணல் உட்காருவது கீலில் இல்லை, அதற்கு முன்னால். ஆகவே கீல் எண்ணைக் காட்டி விற்ற லோடர் கையில் கிடைக்கும்போது குறைவாகத்தான் தூக்கும்.

சுமையையும் எடைபோட்டுப் பாருங்கள். ஒரு கன மீட்டர் காய்ந்த மணல் ஏறக்குறைய 1,600 கிலோ. நனைந்தால் 1,800 முதல் 2,000 வரை போகும். 0.2 கன மீட்டர் பக்கெட்டை நனைந்த மணலால் நிரப்பினால் 380 கிலோ அளவுக்கு வரும். அதே பக்கெட்டில் உமி 30 கிலோகூடத் தேறாது. கோடையில் தூக்கிய வண்டி கார்த்திகையில் தூக்காமல் போவதற்கு வண்டி மாறியிருக்க வேண்டியதில்லை.

குவியலுக்குள் பக்கெட்டை ஓட்டிச் செருகி, அப்படியே நேராக மேலே இழுப்பது இன்னொரு பழக்கம். அப்போது சுமையோடு சேர்ந்து குவியலின் பிடியையும் உடைக்க வேண்டியிருக்கிறது. பக்கெட்டை முதலில் பின்னோக்கிச் சுருட்டிவிட்டுப் பிறகு அதைத் தாங்கும் லோடர் கையைத் தூக்கினால் பிடி விட்டுப்போகும், எடையும் கீலை நோக்கி நெருங்கி வரும். காசு செலவில்லாமல் கிடைக்கும் தூக்கு இது.

சரி, நிஜமாகவே குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அளக்காமல் பழுது பார்ப்பதுதான் இங்கே பெரிய தவறு. 250 பார் (அழுத்தத்தின் அலகு) வரை காட்டும் பிரஷர் கேஜும் ஒரு 'T' வடிவ இணைப்பும் பாரிமுனைப் பக்கம் விசாரித்தால் கிடைத்துவிடும். லோடருக்குப் போகும் ஆயில் லைனில் அதை மாட்டுங்கள். ஆயில் சூடேறும் வரை வேலை செய்துவிட்டு, பக்கெட்டைக் கடைசிவரை சுருட்டி, லீவரை இரண்டு மூன்று விநாடி மட்டும் பிடித்துப் பாருங்கள். முள் நிற்கும் இடம்தான் ரிலீஃப் வால்வு, அதாவது அழுத்தம் மீறினால் ஆயிலைத் தொட்டிக்கே திருப்பிவிடும் வால்வு, திறக்கும் அழுத்தம். வண்டியின் கையேட்டில் சொன்ன எண் வந்துவிட்டால் பம்பையும் வால்வையும் குறை சொல்ல முடியாது. வரவில்லை என்றால் காரணத்தைத் தேடலாம்.

இன்ஜினை உறுமவிட்டால் தூக்குகிறது, மெதுவாக ஓடும்போது தூக்கவில்லை என்றால் பம்ப் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். காலையில் தூக்கி மதியம் சோர்ந்துபோனால் சூட்டில் இளகிய ஆயில் எங்கோ உள்ளுக்குள்ளேயே ஒழுகுகிறது. பம்ப் அலறினால் ஆயில் அளவையும் உறிஞ்சும் பக்கத்து வடிகட்டியையும் பாருங்கள். அடைபட்ட வடிகட்டி பம்பை ஆயிலுக்குப் பதில் வெற்றிடத்தை உறிஞ்ச வைக்கும், பம்பையும் தின்றுவிடும். பெரும்பாலான சின்ன டிராக்டர்களில் கியர் பெட்டி ஆயில்தான் ஹைட்ராலிக் ஆயிலும். பக்கெட்டில் பெரிய சிலிண்டர் போட்டாலும், பின்னால் டிப்பர் டிரெய்லர் மாட்டினாலும் குடிப்பது அந்த ஒரே தொட்டியிலிருந்துதான்.

நம் ஊருக்கென்றே ஒரு விஷயம் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் எத்தனையோ வண்டிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. வெள்ளம் வடிந்ததும் இன்ஜின் ஆயிலை மாற்றுவார்கள், கியர் பெட்டியை மறந்துவிடுவார்கள். டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஆயில் பால் கலந்த காப்பி மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். மேலே கொஞ்சம் ஊற்றிச் சமாளிக்காதீர்கள். மொத்தமாக இறக்கிவிட்டு, வடிகட்டியையும் மாற்ற வேண்டும். பிரேக்கும் அதே கியர் பெட்டி ஆயிலில் மூழ்கியிருக்கும் வண்டி என்றால் கையேட்டில் சொன்ன டிரான்ஸ்மிஷன் ஆயில்தான் போக வேண்டும். கையில் இருந்த இன்ஜின் ஆயில் ஆகாது.

எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கம் வண்டியை நிறுத்துபவர்களுக்கு உப்புக்காற்று வேறு. சிலிண்டர் ராடு வெளியே நீட்டியபடி வாரக்கணக்கில் கிடந்தால் குரோம் பூச்சில் புள்ளி விழும். அந்தப் புள்ளி ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் ஆயிலை அடைத்து நிறுத்தும் சீல் வளையத்தை அரம்போல ராவும். கையை இறக்கி, ராடுகளை முடிந்தவரை உள்ளே இழுத்துவிட்டு நிறுத்துங்கள். வெளியே தெரியும் பகுதியில் கிரீஸ் தடவுங்கள்.

சீல் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் சொல்கிறேன். தூக்கி நிறுத்திய பக்கெட் தானாக இறங்கினால் பட்டறையில் முதல் வார்த்தை "சீல் கிட் மாத்தணும்". கொஞ்சம் யோசியுங்கள். லீவர் நடுவில் இருக்கும்போது சிலிண்டரின் இரண்டு வாயும் அடைபட்டிருக்கிறது. கை இறங்க ராடு உள்ளே வர வேண்டும். ராடு உள்ளே வந்தால் அதன் பருமன் அளவுக்கு ஆயில் வெளியேறியாக வேண்டும். பிஸ்டன் சீல் கிழிந்திருந்தாலும் ஆயில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகுமே தவிர, சிலிண்டரை விட்டு வெளியே போக வழியில்லை. வெளியே சொட்டும் தெரியாமல் கை நிற்காமல் இறங்குகிறது என்றால் கட்டுப்பாட்டு வால்வைச் சந்தேகப்படுவதுதான் முறை. பிஸ்டன் சீல் போனால் வேறு விதமாகத் தெரியும்: தூக்கும்போதே தெம்பு இருக்காது, மெதுவாக ஏறும்.

இப்போது வாஷர். ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷர் வைத்தால் ஸ்பிரிங் இறுகும், வால்வு தாமதமாகத் திறக்கும், அழுத்தம் கூடும், தூக்கும் கூடும். இவ்வளவும் உண்மை. தேய்ந்து தளர்ந்த ஸ்பிரிங்கை கேஜ் வைத்துக்கொண்டு பழைய எண்ணுக்குக் கொண்டுவர இதைச் செய்வதிலும் தவறில்லை. கேஜ் இல்லாமல் ஒரு மி.மீ. வாஷரைத் திணித்தால் 140 பார் 150 ஆகுமா, 190 ஆகுமா என்று எவராலும் சொல்ல முடியாது. கூடிய அழுத்தம் சிலிண்டரோடு நிற்காது. பம்ப், ஹோஸ், வால்வு கட்டை என்று அந்த வழியில் இருக்கும் எல்லாம் அதைத் தாங்க வேண்டும்.

என் வண்டியில் ஹோஸ் வெடிக்கவில்லை. அதைவிட மோசமானது நடந்தது. மணலிப் பக்கம் ஒரு சரிவில் நனைந்த மணலோடு இறங்கும்போது பிரேக்கை மிதித்தேன். பின்சக்கரங்கள் நின்றன, வண்டி நிற்கவில்லை. இந்த வண்டிகளில் பிரேக் பின்சக்கரத்தில்தான். முன்னால் சுமை ஏறி பின்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான். பக்கெட்டைத் தரையில் போட்டு உரச விட்டுத்தான் நின்றேன். அன்றைக்கு நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டிருந்தால் முன்சக்கரமும் சேர்ந்து பிடித்திருக்கும், அதையும் போடவில்லை.

அதுவரை வண்டி தூக்க மறுத்தது எனக்குக் குறையாகத் தெரிந்தது. உண்மையில் அந்த வால்வு என் முன் ஆக்சிலுக்குக் காவல் இருந்திருக்கிறது.

கணக்கு இதோ. முன், பின் ஆக்சில்களுக்கு இடையே 1.5 மீட்டர் என்று வையுங்கள். முன் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் முன்னால் 300 கிலோ சுமை. முன் ஆக்சில் மேல் கூடுவது 300 இல்லை, 540 கிலோ. அதிகப்படியான 240 கிலோ பின்சக்கரத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. தராசுக்கோல் மாதிரிதான். இதைச் சமாளிக்க பின்சக்கர டியூபில் தண்ணீர் அடைப்பார்கள். பின்பக்கம் பிடிப்பு வரும், நல்லதுதான்; ஆனால் முன் ஆக்சிலின் பாரத்தில் ஒரு கிலோகூடக் குறையாது. அதைக் குறைக்க எடை பின் ஆக்சிலுக்கும் பின்னால் தொங்க வேண்டும். 250 கிலோ கட்டையை பின் ஆக்சிலுக்கு 0.75 மீட்டர் பின்னால் மாட்டினால் பின்பக்கம் 375 கிலோ கூடும், முன்பக்கம் 125 கிலோ குறையும். 200 லிட்டர் டிரம்மில் பாதி கான்கிரீட் கொட்டினால் ஏறக்குறைய அந்த எடை வந்துவிடும். மூன்று முனை இணைப்பில் மாட்ட கம்பியும் கொக்கியும் கான்கிரீட் இறுகுமுன்பே வைத்துவிட வேண்டும், பிறகு துளை போடுவது சிரமம்.

பின் எடையும் கட்டி, முன் டயரில் அதன் பக்கவாட்டில் எழுதிய அளவுக்குக் காற்றும் பிடித்து, அதன்பிறகும் போதவில்லை என்றால் சிலிண்டரை மாற்றுவது பற்றிப் பேசலாம். 40 மி.மீ. துளைக்குப் பதில் 50 மி.மீ. போட்டால் அழுத்தத்தைத் தொடாமலேயே விசை 56 சதவீதம் கூடும். பம்ப் அதேதான் என்பதால் தூக்கும் நேரமும் அதே அளவு நீளும். இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஆயிலும் கூடுதலாக வேண்டியிருக்கும். அந்த 56 சதவீதம் லோடர் கையிலும், கீல் முளைகளிலும், வண்டியின் உடம்போடு லோடரைப் பிணைக்கும் போல்ட்டுகளிலும் ஏறும். போல்ட்டுகள் கிளட்ச் ஹவுசிங் வார்ப்பில் முறுக்கப்பட்ட வண்டியாக இருந்தால் நான் கைவைக்க மாட்டேன். வார்ப்பு வளையாது, விரிசல்தான் விடும். பெரிய பம்ப் போட்டால் தூக்கு கூடும் என்பது வெறும் பேச்சு. பம்ப் பெரிதானால் வேகம் கூடும், அவ்வளவுதான்.

தேய்ந்த பக்கெட்டுக்குத் தடிமனான தகடு வைத்து வெல்டிங் அடிப்பதும் தூக்கைத் தின்கிறது. கூட்டிய ஒவ்வொரு கிலோவும் சுமையில் கழியும்.

எதைக் கழற்றுவதாக இருந்தாலும் பக்கெட்டைத் தரையில் வைத்து, இன்ஜினை அணைத்து, லீவர்களை ஆட்டி அழுத்தத்தை இறக்கிவிட்டுக் கழற்றுங்கள். ஊசித்துளை ஒழுக்கைக் கையால் தடவித் தேடாதீர்கள், அட்டையை நீட்டிப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் கொசுக்கடி மாதிரி தெரியும், ஆனாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். தாமதித்தால் விரலை இழக்க நேரலாம்.

என் வாஷரைக் கழற்றிவிட்டேன். பின்னால் பாதி டிரம் கான்கிரீட் தொங்குகிறது. சந்துகளில் திரும்பும்போது சுவரில் இடிக்கிறது, பழகிக்கொண்டிருக்கிறேன். காய்ந்த மணலுக்கு முழு பக்கெட், நனைந்த மணலுக்கு முக்கால். இரண்டு நடை கூடுதலாகப் போக வேண்டியிருக்கிறது, அதற்கான டீசல் காசை வாடகை பேசும்போதே சொல்லிவிடுகிறேன்.